மருமகனின் நெஞ்சோடு சென்னைக்கு

எனக்கும் என் மருமகனுக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஆள் வேண்டும். அவர் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து பதினொரு வருசம். ஒரே கிணறு, ஒரே குசினி அடுப்பு. கடல் அந்த வீட்டைக் கொண்டுபோன பிறகு கொட்டிலில் இருந்தோம். பிறகு அதே காணியில் யாரோ வெள்ளைக்காரர் கட்டித் தந்த வீட்டுக்கு வந்தோம். எங்கே இருந்தாலும் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசியது கிடையாது. கோபதாபம் ஒன்றும் இல்லை. மாமியும் மருமகனும் என்றால் அப்படித்தான். இப்போதுள்ளவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கறிக்கு மீன் வேண்டுமென்றால் மகள் சாந்தியிடம் சொல்லுவேன். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார். சாந்தி அதையே திரும்ப அவருக்குச் சொல்லுவாள். சாந்தி இல்லாத நேரம் பூனைக்குச் சொல்லுவேன். "மழை வரப்போகுது, கொடியில கிடக்கிற சாறனை ஆரும் எடுத்தா நல்லம்" என்பேன். பூனை எடுக்காது. அவர் எடுப்பார்.

இப்படிப்பட்ட இரண்டு பேரைத்தான் சென்னைக்கு அனுப்பினார்கள்.

நாட்டில் சண்டை முடிந்த மறுவருசம் மருமகனுக்குச் சளியோடு இரத்தம் வந்தது. சுவாசப்பையில் புற்றுநோய். கொழும்பில் நெஞ்சைத் திறந்து ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம், துப்பரவாக எடுத்தாயிற்று என்றார் அறுத்த டொக்டர். "இனித் திரும்பி வராதா?" என்று சாந்தி கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேனையைத் திருகிவிட்டு, சென்னையில் இருக்கும் ஒரு டொக்டரம்மாவின் விலாசத்தை எழுதித் தந்தார். வெட்டிய துண்டைச் சோதித்து, திரும்பி வரக்கூடியதா இல்லையா என்று அந்த அம்மா ஓரளவு சொல்லுவாராம். வரக்கூடியது என்றால் கீமோ ஊசி போட வேண்டும். இல்லையென்றால் வீட்டில் இருக்கலாம். எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சாந்திக்கு இரண்டு பிள்ளைகள், இளையது இன்னும் பால்குடி.

சாந்திதான் போயிருக்க வேண்டும். அவளுடைய பிறப்புப் பத்திரம் கடலோடு போனதால் பாஸ்போட் எடுக்க முடியாமல் கந்தோர் கந்தோராக அலைந்துகொண்டிருந்தாள். மருமகனிடம் கட்டாருக்கு மேசன் வேலைக்குப் போன பாஸ்போட் இருந்தது. என்னிடம், கோயில் கூட்டத்தோடு இந்தியா போகவென்று எடுத்து, கூட்டம் கலைந்துபோனதால் ஒரு நாளும் விரிக்காத பாஸ்போட் இருந்தது.

"அம்மா, நீங்கதான் போகணும்."

"நான் போய் ஆரோட பறையிற? அந்தாள் சுவரைப் பார்ப்பார், நான் முகட்டைப் பார்ப்பன்."

"இந்தியாவில ஆளுக்கா பஞ்சம்?" என்றாள்.

வெட்டிய துண்டு என்று சொன்னேனே, அதைப் பச்சையாகத் தரவில்லை. இரண்டு சின்ன மெழுகுக் கட்டிகளாகத் தந்தார்கள். ஒன்றுக்குள் புற்று. மற்றதற்குள் நெஞ்சின் நடுவிலிருந்து எடுத்த நெறிக்கட்டி. இரண்டும் சேர்ந்தால் ஒரு தீப்பெட்டி அளவு வரும். சூடு படக்கூடாது என்றார்கள். மருமகனின் பை கறுப்புத் தோல், வெயிலில் அடுப்பாகிவிடும். நான் கட்டிகளை வாங்கி என் வெற்றிலைப் பைக்குள் வெற்றிலைக்கு நடுவில் வைத்தேன். அங்கே எப்போதும் குளிர்ச்சி.

கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் முதல் தொல்லை தொடங்கியது. இரண்டு பேர் இருக்கும் சீற். நான் யன்னலோரம் இருந்தேன், அவர் எழுந்து நின்றுகொண்டார். நெஞ்சு அறுத்து ஐந்து வாரம், கம்பியைப் பிடித்தபடி ஆடிக்கொண்டு நிற்கிறார். வாழைச்சேனை தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு கொண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அந்தா நிக்கிறவர் என்ட மருமகன். நெஞ்சு அறுத்த ஆள். எனக்குப் பக்கத்தில இரிக்க மாட்டார். பின்னால ஒரு இடம் பார்த்துக் குடுங்க."

"ஏன் ஆச்சி, நீங்க கடிப்பீங்களா?"

"பல்லு நாலுதான் கிடக்கு. அத நம்பிப் பயப்பிடுறார்."

இடம் கிடைத்தது. பொலநறுவைக்கு இந்தப் பக்கம் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். சண்டை முடிந்தாலும் இறங்கி ஏறும் வேலை எங்களுக்கு முடியவில்லை, முழங்காலுக்கு அது தெரியும். ஒரு இளம் ஆமிக்காரன் என் வெற்றிலைப் பையைக் கவிழ்த்தான். பாக்கு, சுண்ணாம்பு, மெழுகுக் கட்டி. கட்டியைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்து சிங்களத்தில் ஏதோ கேட்டான். எனக்கு அவன் பாசை தெரியாது, அவனுக்கு என் பாசை தெரியாது. கொண்டக்டர் நடுவில் வந்தார்.

"இது என்ன, மெழுகுதிரியா எண்டு கேக்கிறார்."

"மருமகன்ட நெஞ்சு எண்டு சொல்லுங்க."

கொண்டக்டர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். ஆமிக்காரன் மருமகனைப் பார்த்தான். மருமகன் சேட்டின் மேல் இரண்டு பொத்தானையும் கழற்றித் தையலைக் காட்டினார். அவன் கட்டியை வெயிலிலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் வெற்றிலைக்குள் வைத்து, மேலே இன்னொரு வெற்றிலையால் மூடினான். ஏதோ சொன்னான். அவனுடைய தகப்பனுக்கும் நெஞ்சு வருத்தமாம், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் போகிறாரில்லையாம். "போகச் சொல்லுங்க" என்றேன். அதையும் கொண்டக்டர் சொன்னார்.

பிளேனில் மூன்று சீற். எனக்கு யன்னல், நடுவில் மருமகனுக்கு, ஓரத்தில் எங்கள் பக்கத்து ஊர்க் காத்தான்குடித் துணி வியாபாரி ஒருவருக்கு. மருமகன் இருக்காமல் நின்றுகொண்டிருந்தார். பிளேன்காரப் பெண் இரண்டு தரம் வந்து இருக்கச் சொன்னாள். வியாபாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊர்க்காரர் அல்லவா, பிடித்துவிட்டார்.

"மாமியும் மருமகனுமா? சரி சரி. தம்பி இஞ்சால இரிங்க, நான் நடுவுல இரிக்கன்."

அந்தப் பெரிய உடம்பை நடுச் சீற்றுக்குள் இறக்கி, போய்ச் சேரும் வரைக்கும் எங்கள் பேச்சைச் சுமந்தார்.

"மருமகன் கேக்காரு, காது அடைக்கிதா எண்டு."

"பதினொரு வருசமா வாய்தான் அடைச்சிக் கிடக்கு எண்டு சொல்லுங்க."

அதை அவர் கொண்டுபோகவில்லை. கொண்டுபோக என்ன இருக்கிறது, நடுவில் ஒரு முழம்.

சென்னை என்றால் வெக்கை. எங்கள் ஊரிலும் வெயில் உண்டு, ஆனால் வாவிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து முகத்தைத் துடைக்கும். இங்கே காற்று அடுப்படியிலிருந்து வருவதுபோல் வந்தது. நோயாளிகள் தங்கும் விடுதியில் பெண்களுக்குக் கீழ்த்தட்டு, ஆண்களுக்கு மேல்தட்டு. அது ஒன்றுதான் எங்களுக்கு வசதியாக அமைந்தது.

சாப்பாட்டுக்கு நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். சாம்பாரில் இனிப்பு. மூன்று நேரமும் மீன் இல்லை. இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் இருக்கிறதா என்று கேட்டேன், உப்புப் புளி போட்ட எங்கள் சொதி மாதிரி வருமென்று. பரிமாறுகிற பையன் சீனி போட்டுக் கொண்டுவந்தான். தேநீர்க் கடையில் பால் இல்லாத தேத்தண்ணி கேட்டேன். கடைக்காரர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "பால் இல்லாமயா? ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். "எனக்கில்ல, அவருக்கு" என்று மருமகனைக் காட்டினேன். அவருக்கு இரண்டு பங்கு பால் ஊற்றிக் கொடுத்தார். மருமகனுக்கும் எனக்குப் போல வெறுந்தேத்தண்ணிதான் பிடிக்கும். கடைசி வரைக்கும் குடித்து முடித்தார், பாவம்.

டொக்டரம்மாவிடம் போக ஓட்டோ பிடித்தோம். மருமகன் என்னோடு பின்னால் இருக்காமல் ஓட்டோக்காரருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க ஒட்டிக்கொண்டார். முதல் சந்தியிலேயே பொலிஸ்காரர் விசில் ஊதினார்.

"யோவ், பின்னாடி அவ்ளோ எடம் கெடக்குது, முன்னாடி இன்னாய்யா தொங்கிக்கினு வர்றே?"

"பின்னாடி கீறது அவரு மாமியார் சார்" என்றார் ஓட்டோக்காரர், எல்லாம் விளங்கியவர் போல.

"மாமியாருன்னா இன்னா, புலியா?"

பின்னால் ஏற வைத்தார்கள். மருமகன் எங்கள் இருவருக்கும் நடுவில் பையை நிமிர்த்தி வைத்து, தெருவைப் பார்த்தபடி வந்தார். கழுத்து நோவெடுத்திருக்கும்.

டொக்டரம்மா என் மகளின் வயதுக்காரி. கண்ணுக்குக் கீழே கறுப்பு, என்னைப்போல நித்திரை இல்லாதவள். கட்டிகளை வாங்கிப் பார்த்தாள். வெற்றிலை மணத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மருமகனிடம் கேள்விகள் கேட்டாள். என்ன வேலை, வீட்டில் யாருக்கும் இந்த நோய் இருந்ததா, எப்போதிருந்து இருமல். கடைசியாக, "சிகரெட், பீடி?"

"இல்ல."

"முன்னாடி எப்பவாவது?"

"ஒரு நாளும் இல்ல, டொக்டர்."

நான் சீலைத் தலைப்பில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் கிணற்றடி வேலிக்கு அப்பால் புகை எழும். சிகரெட் கட்டைகளைத் தேசி மரத்தடியில் புதைப்பார். காலையில் கூட்டும்போது நான் அவற்றை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் புதைத்துவிடுவேன். இதில் அவர்மேல் எனக்குக் குறை இல்லை. மாமிக்கு முன்னால் புகைக்கிறவன்தான் வளர்ப்பு இல்லாதவன், ஒளித்துப் புகைக்கிறவன் மரியாதை தெரிந்தவன். மாமி பக்கத்தில் இருக்கும்போது டொக்டர் கேட்டால் என்ன, சாமி கேட்டால் என்ன, இல்லை என்றுதான் சொல்லுவார். அவள் கேட்கத் தொடங்கியதும் நான் எழும்பி வெளியே போயிருக்க வேண்டும். கால் உளைந்தது. எழும்பவில்லை.

டொக்டரம்மா 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு என்ன சோதனை என்று எனக்குப் புரியும்படி சொன்னாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், அதற்கும் கீழே இறங்கி வந்து சொன்னாள்.

"அம்மா, உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் 'போதும், வளராத'ன்னு சொல்ற ஜீன் சிலது இருக்கு. கட்டி வராம காவல் காக்கிறதே அதுங்கதான். சில பேருக்கு அந்த ஜீன் உடையறதில்ல. அதுமேல மெத்தில்னு ஒரு சின்னப் பொருள் போய் ஒட்டிக்குது. மெத்திலேஷன்னு சொல்வோம். ஒட்டிக்கிச்சுன்னா அந்த ஜீன் இருக்கும், ஆனா பேசாது."

"இருக்கும், ஆனாப் பறையாது. எங்கட வீட்டு மாமி மாதிரி."

டொக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. மருமகனுக்கு விளங்கியது. சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார், அது இருமல் இல்லை.

"இந்தக் கட்டியில எந்த ஜீனெல்லாம் வாயடைச்சுப் போயிருக்குன்னு பாக்கணும். முக்கியமா நெறிக்கட்டி. மைக்ராஸ்கோப்புல பாத்தா அது சுத்தமாத்தான் இருக்கு. அதுலயும் அதே ஜீன் அடைச்சிருந்தா, நோய் சீக்கிரம் திரும்ப வர வாய்ப்பு அதிகம். இது இன்னும் ஆராய்ச்சியாத்தான் நடக்குது. சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

ஒன்பது நாள் காத்திருக்கச் சொன்னாள். வேலை இல்லாமல் இருப்பதுதான் ஆளைக் களைக்க வைக்கிற வேலை. நாலாம் நாள் பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். என் மனிசனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து நான் கல்லடியில் கடற்கரைப் பக்கம் போவதில்லை. இது வேறு கடல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மணலில் அதற்கு முதுகைக் காட்டி இருந்தேன். சுண்டல் விற்கிற பெண் வந்து என் முன்னால் குந்தினாள்.

"இன்னாம்மா, கடலைப் பாக்க வந்துட்டு ரோட்டைப் பாத்துக்கினுகீற?"

"கடல் எங்கட வீட்ட வந்து என்னைப் பார்த்திட்டுப் போயிட்டுது. திருப்பிப் பார்க்க எனக்கு மனமில்ல."

அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். "எங்கூட்ல ரெண்டு பேரு" என்றாள். அன்றைக்கு, அதே காலையில். சுண்டல் தந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளும் ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

மருமகன் வள்ளங்களுக்குப் பின்னால் போய் வந்தார். வாயில் கராம்பு மணந்தது. கராம்புக்குக் கீழே புகை மணம். நெஞ்சில் ஒரு பங்கு இல்லாத ஆள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. சொல்ல ஆளைத் தேடினேன். சுண்டல்காரி எழுந்து போயிருந்தாள்.

ஒன்பதாம் நாள் டொக்டரம்மா கடதாசியை மேசையில் விரித்து வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் மருமகனைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணு இடிக்குது, குணரத்தினம். கட்டியில ரெண்டு காவல் ஜீன் நல்லா அடைச்சிருக்கு. சுத்தம்னு நெனச்ச நெறிக்கட்டியிலயும் அதே ரெண்டும். இந்த மாதிரி ரொம்ப வருஷம் சிகரெட் பிடிச்சவங்ககிட்டதான் நான் அதிகம் பாத்திருக்கேன். நீங்க பிடிச்சதே இல்லைன்னு எழுதியிருக்கு. பிடிக்காதவங்களுக்கும் வரலாம். இருந்தாலும் கட்டி மாறிப்போயிருக்குமோன்னு ஒரு சந்தேகம். கொழும்புல எழுதிக் கேட்டு, வேற கட்டி வரவழைச்சு, மறுபடி பாக்கலாம். ஆனா அதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆயிடும். ஊசி போடறதா இருந்தா அறுவை முடிஞ்சு சில வாரத்துக்குள்ள தொடங்கணும், அந்த நாள் தாண்டிடும்."

மருமகனின் முகத்தில் இத்தனை நாளும் இல்லாத வெளிச்சம் வந்தது.

"ஓம் டொக்டர், மாறித்தான் இருக்கும். அங்க ஒரே சனம். வேற ஆர்ட கட்டியோ. நாங்க ஊருக்குப் போய்க் காத்திருக்கம்."

பாவம், அவர் அதை நம்பினார். வேறு யாரோ ஒருவருடைய நெஞ்சை நான் வெற்றிலைக்குள் வைத்துத் தூக்கிவந்தேன் என்றும், தன்னுடைய நெஞ்சு எங்கேயோ சுகமாக இருக்கிறது என்றும் அந்த நிமிசத்தில் நம்பினார். நான் பேசாமல் இருந்தால் நல்ல சந்தோசமாக ஊருக்குப் போயிருப்போம்.

"டொக்டர், கட்டி மாறல்ல" என்றேன். "என்ட கிணத்தடி வேலிக்கு அங்கால பதினொரு வருசமாப் புகை வருது. பேய் புகைக்கிறதெண்டு நான் இருந்தன்."

டொக்டரம்மா பேனையை எடுத்தாள். "ஒரு நாளைக்கு எத்தனை இருக்கும்?"

அது எனக்குத் தெரியாது. அவள் அவரைப் பார்த்தாள், அவர் நிலத்தைப் பார்த்தார். நான் இருக்கும் வரை அந்த வாய் திறக்காது என்று தெரியும். இந்த முறை எழும்பி வெளியே போக நினைத்தேன். போனால், உள்ளே என்ன சொன்னார் என்று பிறகு யாரை விட்டுக் கேட்பது? கதிரையைத் திருப்பினேன். அவர் முகத்தை அவ்வளவு கிட்ட நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாடியில் நரை விழுந்திருந்தது.

"மனே," என்று மகனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டேன், "எத்தின? சொல்லுங்க. எனக்கு எல்லாம் தெரியும். தேசி மரத்தடியக் கிண்டினா ஒரு கூடை வரும். சொல்லுங்க மனே."

அவர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழும்புவதுபோல.

"ஒரு பெட்டி, மாமி. கட்டாரில ரெண்டு."

"இப்பயும்?"

"இப்ப ரெண்டு மூண்டுதான், மாமி."

டொக்டரம்மா முன்னால் எழுதியதை வெட்டி எழுதினாள். "அப்போ இது உங்க கட்டிதான்" என்றாள். திரும்பி வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், வந்தால் சீக்கிரம் வரும் என்றாள். வராமலும் இருக்கலாம், சோதனை சாமி இல்லை என்றும் சொன்னாள். நாலு தரம் கீமோ ஊசி, வருகிற கிழமையே தொடங்க வேண்டும், இலங்கையிலேயே போடலாம், கடிதம் தருகிறேன் என்றாள். போட்டால் கட்டாயம் சுகமா என்று கேட்டேன். இல்லை, ஆனால் போடாமல் இருக்க நான் சொல்ல மாட்டேன் என்றாள். "சிகரெட் இன்னைக்கே நிக்கணும்." அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு முன்னால் வைத்ததற்காக, "மன்னிக்கோணும் மாமி" என்றார்.

ஓட்டோவில் பையை நடுவில் வைக்க இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இறங்கும்போது அவரே பேசினார். "மாமி, சாந்திக்கு இப்ப முழுசாச் சொல்லாம விடுவம். பால் குடுக்கிற உடம்பு. வீட்ட போய், ரெண்டு பேரும் இருந்து சொல்லுவம்."

"ஓம்."

"மறுகா இன்னொண்டு, நாம ரெண்டு பேரும் வீட்டில பழையபடிதான். கதைக்கிறதப் பார்த்தாலே அவ பயந்திருவா."

அதுவும் சரிதான். எங்கள் பக்கத்தில் ஒரு மாமி மருமகனோடு நேரே பேசுகிறாள் என்றால், யாரோ படுக்கையில் கிடக்கிறார்கள், இனி நாள் இல்லை என்று அர்த்தம். வேறு எதற்கும் அந்த வாய் திறப்பதில்லை. இது சாந்திக்கும் தெரியும்.

விடுதிக்கு முன்னால் தெருவோரத்தில் நின்று போன் எடுத்தார். அது சத்தம் கூடிய போன், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"என்னவாம்?" என்றாள் சாந்தி.

"நாலு ஊசி போட்டாப் போதுமாம். நம்மட நாட்டிலயே போடலாமாம். பயப்பிட ஒண்டுமில்ல."

"மெய்யா?"

"மெய்தான் புள்ள. நான் என்ன பொய்யா சொல்லுறன்?"

"அம்மா எங்க?"

"அங்கால நிக்கிறா. களைச்சிப் போனா. சாம்பார் பிடிக்கல்லயாம்."

நல்ல குரலில்தான் சொன்னார். சாந்தி சிரித்தது எனக்குக் கேட்டது. அவளுடைய சிரிப்பைக் கேட்க அவர் இன்னும் கொஞ்சம் பேசினார், பேசிக்கொண்டே தெருவுக்குள் ஒரு அடி இறங்கினார். சந்தியிலிருந்து ஒரு பஸ் கரையோடு உரசிக்கொண்டு திரும்பியது. அவர் முதுகைக் காட்டி நின்றார்.

"மனே, பின்னால வா! பஸ் வருது!"

சேட்டைப் பிடித்து இழுத்தேன். பஸ் எங்கள் இருவர்மேலும் சூட்டை ஊதிவிட்டுப் போனது.

அவர் போனைத் திரும்பக் காதில் வைத்தார்.

"ஹலோ? சாந்தி?"

"அம்மாவா அது?"

அவர் என்னைப் பார்த்தார்.

"உங்களோடயா பறஞ்சா?" என்றாள் சாந்தி. "மனே எண்டு உங்களயா சொன்னா?"

"பஸ் வந்தது புள்ள, அதுதான்..."

"திரும்பி வருமெண்டு சொல்லிட்டாங்க, என்ன?"

அவருக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. அங்கே பிள்ளை அழத் தொடங்கியது. பிறகு தாயும். அவர் போனைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க, மாமி."

வாங்கினேன். "அழுது முடி புள்ள" என்றேன். "முடிச்சாப்போல எல்லாத்தையும் சொல்லுறன். ஒண்டும் ஒளிக்க மாட்டன்."

அவள் முடிக்கும் வரைக்கும் நாங்கள் இருவரும் வெயிலில் நின்றோம்.